கழுத்துக்குக் கீழே

நான் வேலை பார்த்த கிளினிக்கிலிருந்து ஆதிரா போன் செய்தாள். என் பழைய நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். லைப்போசக்ஷன் செய்துகொள்ள வருகிறவர்களுக்கு, கத்தி வைப்பதற்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்று விளக்கிச் சொல்கிற நர்ஸ் வேலை. அதை இனிமேல் வீடியோவாக எடுத்துப் போட்டுவிடப் போகிறார்களாம். இரண்டு நிமிஷம். சேச்சி என்னவெல்லாம் சொல்வீர்கள் என்று சுருக்கமாக எழுதித் தரவேண்டும் என்று கேட்டாள். பயப்படுத்துகிற மாதிரி ஒன்றும் வேண்டாம் என்று மேலே சொல்லியிருக்கிறார்கள். நோயாளி என்ற வார்த்தையும் வேண்டாம். இப்போது எல்லாரும் கிளையண்ட்.

நான் எழுதிக் கொடுக்கவில்லை. நோயாளி எழுந்து போய்விட்டாலும் பரவாயில்லை என்று முழுதாகச் சொல்லிப் பழகின வாய் என்னுடையது. இரண்டு நிமிஷத்தில் என் முன்னுரைகூட முடியாது. ஆதிராவுக்குத் தராததை இங்கே எழுதுகிறேன்.

படித்த காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீடு பாறசாலைக்குத் தெற்கே. அப்பா ஓட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நாகர்கோவில் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் படித்தேன். திருவனந்தபுரத்துக்கு வந்ததும் தீக்காய வார்டில் போட்டார்கள். புதிதாக வந்தவர்கள் அங்கே ஒரு மாதம் நிற்க மாட்டார்கள். நான் நின்றேன். அங்கேதான் வர்கீஸ் டாக்டரைப் பார்த்தேன்.

அவர் பிளாஸ்டிக் சர்ஜன். மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்ட பெண்களும், ஊற்றப்பட்ட பெண்களும் வருவார்கள். தொடையிலிருந்து தோலை எடுத்துக் கழுத்தில் ஒட்டுவார். ஒட்டின தோல் பிடித்திருக்கிறதா என்று மறுநாள் விடிந்ததும் வந்து, கட்டைத் தானே பிரித்துப் பார்ப்பார். ஒரு மூலையில் துளி நிறம் மாறியிருந்தாலும் முகம் வாடிவிடும். ஆனால் யார் பெயரும் அவர் வாயில் நிற்காது. "அந்த இடது கழுத்து எப்படி இருக்கு, சிஸ்டரே" என்பார். "அந்தத் தாடைக்கு சூப் குடுத்தியா" என்பார். மதுரையில் படித்தவர், என்னிடம் மலையாளம் கலந்த தமிழில் பேசுவார். இத்தனை பேரைப் பார்க்கிற மனுஷனுக்குப் பெயர் எப்படி நிற்கும் என்று நாங்கள் எல்லாரும் அதைச் செல்லமாகவே எடுத்துக்கொண்டோம்.

பிறகு அவர் தனியாகக் கிளினிக் தொடங்கினார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தீக்காயம் போய் வயிறும் இடுப்பும் தொடையும் வந்தன. வளைகுடாவிலிருந்து லீவில் வருகிறவர்கள், பிரசவம் முடிந்தவர்கள், கல்யாணம் நிச்சயமானவர்கள். வந்தவரை நிற்கவைத்து, தான் ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, மார்க்கர் பேனாவால் உடம்பில் வட்டம் வட்டமாக வரைவார். எங்கே மேடு, எங்கே கைவைக்கக் கூடாது என்று மலைநாட்டு வரைபடம் மாதிரி இருக்கும். படுக்கவைத்து வரைந்தால் கொழுப்பு இடம் மாறிப் போகும் என்பார். வரைகிறபோது பேச மாட்டார்.

எனக்கு அவர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். "கெட்டதை முதல்ல சொல்லு சிஸ்டரே. நல்லத அவங்களே கண்ணாடியில பாத்துக்கும்."

அப்படியே சொன்னேன். எடையில் தொடங்குவேன். இது எடை குறைக்கிற ஆபரேஷன் இல்லை. உள்ளே ஏற்றுகிற உப்புநீராலும் வீக்கத்தாலும் முதல் வாரம் எடை கூடவே காட்டும். சாப்பாட்டைக் குறைத்தும் நடந்தும் போகாமல் ஓரிடத்தில் அடம்பிடித்து நிற்கிற கொழுப்பைத்தான் குழாய் விட்டு உறிஞ்சுவார்கள். அதன்பிறகு தோல் தானாகச் சுருங்க வேண்டும். இளந்தோல் சுருங்கும். பிள்ளை பெற்றுத் தளர்ந்த வயிற்றுத் தோல் சுருங்காது. அதை வெட்டித் தைக்க வேறு ஆபரேஷன் வேண்டும், இடுப்பைச் சுற்றி நீளத் தழும்பு இருக்கும். முதல் ராத்திரி துளைகளிலிருந்து ரோஸ் நிறத்தில் நீர் கசிந்து படுக்கை நனையும். பயப்பட வேண்டாம், ரப்பர் ஷீட் விரித்துக்கொள்ளுங்கள். கன்றிப்போன நீலம் நாளுக்கு நாள் கீழே இறங்கும். தொட்டால் மரத்துப்போயிருக்கும், உள்ளே கட்டி கட்டியாகத் தட்டுப்படும். இறுக்கமான உடுப்பை ஒன்றரை மாதம் இரவு பகலாகப் போட்டிருக்க வேண்டும். முதல் தடவை அதைக் கழற்றும்போது தலை சுற்றும், உட்கார்ந்துதான் கழற்ற வேண்டும். மூன்றாம் வாரத்தில் கண்ணாடியைப் பார்த்து அழுவீர்கள், அப்போது முன்பைவிட மோசமாகத் தெரியும். உருவம் தெளிய மூன்று மாதம். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ எந்த நேரமானாலும் ஓடி வாருங்கள். இரத்தம் கட்டி நுரையீரலுக்குப் போனால் ஆளே போய்விடலாம்.

இதைக் கேட்டுச் சிலர் எழுந்து போய்விடுவார்கள். டாக்டர் அதற்கு வருத்தப்பட்டதே இல்லை. அந்தக் காலத்தில் அவரைப் போல ஒரு மனுஷன் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

ராமசுப்பு வந்தது ஒரு மழை நாளில். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். திருவனந்தபுரத்தில் அக்ரஹாரங்கள் ஒன்றல்ல. எது என்றும் சொல்ல மாட்டேன். வயது முப்பதுக்குள். சட்டைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர். மழை என்றாலும் திருவனந்தபுரத்தில் ஸ்வெட்டர் போடுகிற குளிர் இல்லை. தோளை முன்னால் வளைத்து, இரண்டு முழங்கையையும் நெஞ்சோடு சேர்த்து உட்கார்ந்திருந்தார். ஆண் நர்ஸ் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை. அவர் எழுந்து போகப் பார்த்தார். நான் என் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவரையும் அப்படியே திரும்பி உட்காரச் சொன்னேன். இரண்டு பேரும் மழையைப் பார்த்துக்கொண்டே பேசினோம்.

மீசை முளைக்கிற வயதில் அவருக்கு மார்பு பெண்பிள்ளைக்கு மாதிரி வளரத் தொடங்கியிருக்கிறது. பல பையன்களுக்கு வந்து ஒன்றிரண்டு வருஷத்தில் வற்றிவிடும். இவருக்கு வற்றவில்லை. வேறு தொழிலில் இருந்தால் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பார். இவர் வாத்தியார் பிள்ளை. அப்பாவோடு வீடு வீடாகப் போய்க் கல்யாணம், ஹோமம், கிரகப்பிரவேசம் எல்லாம் நடத்தி வைக்கிற குடும்பம். வேலைக்குச் சட்டை கிடையாது. இங்கே கோயிலுக்குள்ளும் ஆணுக்குச் சட்டை கிடையாது. மேல்துண்டாவது இருக்கிறதே என்றேன்.

"சுவாமி முன்னாடி துண்ட இடுப்புலன்னா கட்டணும், சிஸ்டர்" என்றார்.

கல்யாணங்களில் பிள்ளைகள் சுட்டிக்காட்டிச் சிரிக்கும். ஒரு பெரிய மனுஷர் சபையிலேயே கையால் கிள்ளியிருக்கிறார். அதிலிருந்து கல்யாணம், ஹோமம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அப்பா தலையில் விட்டுவிட்டு ஒதுங்கியிருக்கிறார்.

"இப்போ திவசத்துக்கு மட்டும் போறேன். அங்க யாரும் சிரிக்க மாட்டா. எல்லாரும் தலைய குனிஞ்சிண்டு இருப்பா."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ காரணம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சீட்டை எடுத்துப் பரிசோதனைகளை எழுதத் தொடங்கினேன்.

ஹார்மோன் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் செய்தோம். வேறு நோய் இல்லை. டாக்டர் விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, சுற்றிலும் கொழுப்பு, காம்புக்கு அடியில் சுரப்பி, இரண்டையும் எடுக்க வேண்டும் என்றார். கெட்டதையெல்லாம் சொன்னேன். கொழுப்பையும் சுரப்பியையும் அளவுக்கு மேல் எடுத்தால் காம்புக்கு அடியில் பள்ளம் விழும், சாஸர் மாதிரி. அது இப்போது இருப்பதைவிட அசிங்கம் என்பதையும் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான். எப்போது துண்டை இடுப்பில் கட்டலாம்? மூன்று மாதம் என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். நவராத்திரிக்கு முன்னால் வந்தது.

ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் படம் எடுப்பது வழக்கம். அது என் வேலை. பின்னால் நீலத் துணி, நேராக ஒன்று, இரண்டு பக்கமும் சாய்வாக, முழுப் பக்கவாட்டில். கழுத்துக்குக் கீழேதான், முகம் வரக்கூடாது. மூன்றாம் வாரம் அழுகிறவர்களிடம் முன்னால் இப்படி இருந்தீர்கள் என்று காட்ட அது வேண்டும். டாக்டருக்கும் தன் வேலையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ராமசுப்பு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். படத்தில் விழாத கண்தான். மார்பில் பூணூல். இடது தோளுக்குக் கீழே, சின்ன வயதில் ஹோமத்தில் நெய் தெறித்து வெந்த வடு.

பூணூலைக் கழற்ற வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். டாக்டர் வேண்டாம் என்றார். சுத்தப்படுத்தி, இடுப்புக்கு இறக்கி, நானே பிளாஸ்டர் போட்டு ஒட்டினேன்.

அந்த ஆபரேஷனை மறக்க முடியாது. மயக்கம் கொடுத்தபின் மருந்து கலந்த உப்புநீரை ஏற்றினோம். தோல் வெளுத்து விறைத்தது. அக்குள் ஓரம் சின்னத் துளை. டாக்டர் வலது கையால் குழாயை ஓட்டினார், இடது உள்ளங்கையைத் தோல்மேல் வைத்துக்கொண்டே இருந்தார். குழாயின் நுனி எங்கே போகிறது என்று பார்ப்பது அந்த இடது கைதான். ஜாடியில் முதலில் மஞ்சளாக வந்தது. லேசாகச் சிவப்பு தட்டியதும் நிறுத்தினார். பிறகு காம்பின் கறுப்பு ஓரத்தில், விளிம்போடு விளிம்பாக அரை வட்டம் கீறி, உள்ளேயிருந்து சுரப்பியை எடுத்தார். வெள்ளையாக, ரப்பர் மாதிரி. முழுவதும் எடுக்கவில்லை, பள்ளம் விழாமல் இருக்க அடியில் ஒரு வில்லை விட்டார். எவ்வளவு விடுவது என்பதற்கு அளவு கிடையாது. ஆபரேஷன் டேபிளை நிமிர்த்தி, மயக்கத்தில் இருக்கிற ஆளை உட்காரவைத்த மாதிரி ஆக்கி, தூர நின்று பார்த்தார். திரும்ப வந்து ஒரு நகக்கண் அளவு எடுத்தார். மறுபடி தூரப் போய்ப் பார்த்தார். மயக்க டாக்டர் முணுமுணுக்கத் தொடங்கிய பிறகும் விடவில்லை.

ராமசுப்பு நான் சொன்ன எல்லாவற்றையும் வரிசையாகப் பட்டார். கசிந்தது, நீலம் தொப்புள் வரை இறங்கியது, உடுப்பைக் கழற்றியபோது என் தோள்மேல் மயங்கிச் சாய்ந்தார். மூன்றாம் வாரம் அழவும் செய்தார். வீட்டில் கட்டி எடுக்கிற ஆபரேஷன் என்று மட்டும் சொல்லியிருந்தார்; அது பொய்யும் இல்லை.

நவராத்திரி முடிந்த மறுநாள் ஒரு தூக்குப் பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கலோடு வந்தார். தோள் நிமிர்ந்திருந்தது. அதற்கு முன்பு அவர் இவ்வளவு உயரம் என்று எனக்குத் தெரியாது. ஒன்பது நாளும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றதாகச் சொன்னார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, யாரும் பார்க்கக்கூட இல்லை என்றார். "யாரும் பாக்கல்ல சிஸ்டர்" என்று இன்னொரு தடவை சொன்னார். நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள்; கோயில் பிரசாதம் சாப்பிடுவேனா என்று அவருக்குச் சந்தேகம். அவர் முன்னாலேயே இரண்டு கரண்டி சாப்பிட்டுக் காட்டினேன்.

அந்த வருஷம்தான் டாக்டரின் மருமகன் அனூப் கிளினிக் நிர்வாகத்துக்கு வந்தான். ஆபரேஷன் பற்றி ஒன்றும் தெரியாது, விளம்பரம் தெரியும். கிளினிக்குக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கினான். ஒருநாள் அதில் இரண்டு படம் பக்கம் பக்கமாக வந்தது. முன், பின். ஆண்களுக்கும் ஆத்மவிஸ்வாசம், அதாவது தன்னம்பிக்கை, என்று மலையாளத்தில் ஒரு வரி. ராமசுப்புவின் மார்பு, பூணூலோடும் வடுவோடும்.

தெருவில் எந்தப் பையன் முதலில் பார்த்தானோ தெரியாது. சாயங்காலத்துக்குள் அக்ரஹாரத்து வாட்ஸ்அப் குரூப்பில் வந்துவிட்டது. அதுவரை கவனிக்காதவர்களும் கவனித்தார்கள். ராமசுப்பு அப்போது மறுபடி கல்யாணங்களுக்குப் போகத் தொடங்கியிருந்தார். அடுத்த முகூர்த்தத்தில் அவர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் குனிந்து டாக்டர் நம்பர் கேட்டானாம். பெண் வீட்டுக்காரிகள் ஒவ்வொருவராக வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்களாம்.

ராமசுப்பு கிளினிக்குக்கு வந்தார். சத்தம் போடவில்லை. அனூப் முன்னால் நின்று, அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்டார். படங்களைப் படிப்புக்கும் விளக்கத்துக்கும் பயன்படுத்தலாம் என்று கையெழுத்து வாங்கியிருந்தோம்; எல்லாரிடமும் வாங்குவது. அனூப் அதைச் சொன்னான். பிறகு, பெரிய உதவி செய்தவன் மாதிரி, "முகம் காணிச்சிட்டில்லல்லோ" என்றான், முகத்தைக் காட்டவில்லையே என்று.

"எங்க தெருவுல எல்லாரும் என்னைத் தினம் சட்டை இல்லாமத்தான் பாக்கறா, சார்" என்றார் ராமசுப்பு. "அவாளுக்கு இதுதான் என் முகம்."

அனூப்புக்கு அது புரியவில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டான்.

நான் டாக்டர் அறைக்குப் போனேன். மருமகன் செய்த அக்கிரமத்தை மாமனாரிடம் சொன்னால் தீர்ந்துவிடும் என்றுதான் போனேன். தீப்பட்ட பெண்களின் படத்தைக் காட்டுங்கள் என்று ஒரு தடவை பத்திரிகைக்காரர்கள் வந்தபோது கதவைச் சாத்தியவர் அவர். நான் சொன்னதை முழுதும் கேட்டார்.

"சிஸ்டரே, அது ஞான் எடுத்துக் குடுத்ததாக்கும்" என்றார்.

அனூப் நல்ல படம் ஒன்று கேட்டானாம். இவரே எல்லாப் படங்களையும் பார்த்து இதைத் தேர்ந்தெடுத்தாராம். கம்ப்யூட்டரைத் திருப்பி எனக்கும் காட்டினார். "நீ பாரு. ஒரு பள்ளம் உண்டா? ஒரு மேடு உண்டா? இத்தன வருஷத்துல இதுபோல ஒண்ணு என் கையில வந்ததில்ல. ஆளுங்க காணட்டே."

அவர் முகத்தில் கெட்ட எண்ணம் ஒன்றுமே இல்லை. விடியக்காலையில் கட்டைப் பிரித்துத் தோல் பிடித்திருப்பதைப் பார்க்கும்போது இருந்த அதே சந்தோஷம்தான் இருந்தது.

"அந்தப் பிள்ளை வெளிய உக்காந்திருக்கு, டாக்டரே. வந்து ஒரு வார்த்தை பேசுங்க" என்றேன்.

"எந்தப் பிள்ளை?" என்றார்.

உண்மையாகவே கேட்டார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ராமசுப்புவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நான் கையைக் காட்டினேன். பார்த்தார். எழுந்து வரவில்லை. அனூப் பார்த்துக்கொள்வான் என்றார்.

படத்தை எடுக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. அதுவும் ராமசுப்புவுக்காக இல்லை. கிறிஸ்துமஸ் ஆஃபர் போட இடம் வேண்டியிருந்தது. எடுத்து என்ன பிரயோஜனம்? ஊரில் இருக்கிற போன்களிலிருந்து யார் எடுப்பது?

அதன்பிறகு என் அறைக்கு வந்த ஒவ்வொருவரிடமும், கெட்டதைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொன்னேன். உங்கள் படத்தை இவர்கள் போட்டுவிடுவார்கள், அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அனூப் காதுக்குப் போயிற்று. என்னைக் கருவிகள் கழுவி வேகவைக்கிற அறைக்கு மாற்றினான். அந்த உத்தரவில் டாக்டரும் கையெழுத்துப் போட்டிருந்தார். நான் மறுக்கவில்லை, மகள் படித்துக்கொண்டிருந்தாள். ஓய்வு பெறும்வரை அந்த நீராவியில் நின்றேன். டாக்டர் தினமும் என்னைக் கடந்து போவார், சிரிப்பார். இப்போது கை நடுங்கி வீட்டோடு இருக்கிறார் என்று கேள்வி. நான் இருக்கிற பாறசாலையிலிருந்து ஒருமணி நேரப் பயணம்தான். நான் போய்ப் பார்க்கவில்லை.

ராமசுப்புவைப் பற்றி அங்கும் இங்குமாகத்தான் தெரிந்தது. கல்யாண வீடுகளில் அப்பாவைக் கூப்பிட்டு, நீங்கள் மட்டும் வாருங்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்களாம். இதற்கிடையே அவருக்குப் பேசிவைத்திருந்த பெண் வீட்டிலும் பின்வாங்கிவிட்டார்கள். கொஞ்சநாள் வெளியே தலைகாட்டாமல் இரு என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். அவர் ஊரை விட்டே போய்விட்டார்.

சில வாரங்களுக்கு முன் எங்கள் சபைப் பெண்கள் வேன் எடுத்துப் பொன்முடி போனோம். திரும்பும்போது கல்லாறு என்ற ஊரில், ஆற்றோரத்துச் சைவ ஹோட்டல் ஒன்றில் காபிக்கு நிறுத்தினார்கள். கல்லாவில் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையோடு அவர் உட்கார்ந்திருந்தார். உடனே தெரிந்துகொண்டு எழுந்து நின்றார். ஆற்றில் பையன்கள் சட்டையைக் கழற்றிப் பாறைமேல் போட்டுவிட்டுக் குதித்துக்கொண்டிருந்த சத்தம் உள்ளே வரை கேட்டது.

அப்பா இறந்துவிட்டதாகச் சொன்னார். காரியத்துக்குப் போனாராம். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தார்களாம். மறுபடி வாத்தியார் வேலைக்குப் போகலாமே, இத்தனை நாளில் எல்லாரும் மறந்திருப்பார்களே என்றேன். அவர் காபிக்கு டோக்கன் கிழித்துக் கொடுத்தார். ஏதாவது வலி, தொந்தரவு இருக்கிறதா என்று கேட்டேன். நர்ஸ் வாய்க்கு வேறு என்ன கேட்கத் தெரியும்.

"ஒரு குறையும் இல்ல. ரொம்ப நன்னா பண்ணியிருக்கார்" என்றார்.

எங்கள் நர்சுகள் சங்கத்துப் பத்திரிகையில் அனுபவம் எழுதச் சொல்கிறார்கள், உங்கள் விஷயத்தை எழுதட்டுமா, பெயர் போட மாட்டேன் என்றேன். கல்லாவுக்கு முன்னால் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

"எழுதுங்கோ, சிஸ்டர். படம் மட்டும் போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு, அடுத்து நின்றவருக்குச் சில்லறை கொடுக்கத் திரும்பிக்கொண்டார்.